நடைவழியும் ஊரார் தொண்டும்

உரிமை என்பது ஏட்டில் எழுதப்பெற்ற அளவில் நிலைத்துவிடுவதன்று. அதனை நாள்தோறும் கையாள்வோர் உள்ளவரையே அது உயிரோடிருக்கும். இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களின் நடைவழிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவ்வழிகளைக் கூலியின்றிப் பேணிவரும் ஊர்த்தொண்டரைப் பற்றியும், அவர்தம் தொண்டின் மறைவில் தம் கடமையை நழுவவிடும் ஆட்சிமன்றங்களைப் பற்றியும் ஈண்டு எழுதுகின்றேன்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 1,40,000 கல் தொலைவுக்குப் பொதுவழிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி காலால் நடத்தற்கென்றே உரியவை. அவை பெரும்பாலும் தனியார் நிலத்தினூடே செல்வன. நிலம் நிலக்கிழார்க்கு உரியது. அதனைக் கடந்துசெல்லும் உரிமையோ எல்லார்க்கும் பொது. ஒருமுறை பொதுவழியாயது, சட்டமுறைப்படி நீக்கப்பெற்றாலன்றி, என்றும் பொதுவழியே என்பது அந்நாட்டு முறைமன்றங்களின் பழங்கொள்கை. மக்கள் எவரிடமும் இசைவு கேளாமல், தடையுமின்றி, 20 ஆண்டுகள் நடந்துவந்த வழியைப் பொதுவழியெனக் கொள்ளலாம் என்று 1932ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அவ்விதி 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. எனவே, அங்கே வழியுரிமையைப் படைத்ததே மக்களின் கால்கள்தாம் எனலாம்.

இவ்வுரிமை மேலோர் இரங்கி ஈந்ததன்று. பழவழிகளைக் காத்தற்கென மான்செசுடரில் 1826ஆம் ஆண்டிலேயே ஒரு கழகம் தோன்றிற்று. வேட்டைப் பறவைகளுக்கென அடைத்துவைக்கப்பட்டிருந்த கிண்டர் மேட்டு நிலத்தில், 1932 ஏப்பிரல் 24ஆம் நாள், உழைக்கும் இளைஞர் சில நூற்றுவர் தடைமீறி ஏறினர். அவருள் ஐவர் சிறையிடப்பட்டனர். பின்னர் 1949ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட மன்றங்கள் பொதுவழிகளை ஆய்ந்து உறுதிப்படம் வரைதல் வேண்டும் எனப் பணித்தது. கோயிற்பற்று என்பது முற்காலத்தில் ஒரு கோயிலைச் சார்ந்த ஊர்ப்பகுதி. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனக்கென ஊர்மன்றம் பெற்றது. அவ்வூர்மன்றத்தார் தத்தம் ஊர்வழிகளைக் கணக்கெடுத்து உதவியமையாலேயே அப்படம் வரைய முடிந்தது.

படத்தில் வரைந்த கோடு தானே புதரை வெட்டாது. கோடைமழையில் இரண்டு திங்களுக்குள் முட்கொடி வழியை மூடும். தொட்டால் அரிக்கும் செடிகள் இடுப்பளவு வளரும். வேலியைக் கடக்க அமைத்த மரப்படியாகிய கடவை இற்றுவிழும். ஓடைமேலிட்ட பலகை வழுக்கும். அந்நிலையில் அரிவாளும் மண்வெட்டியும் ஏந்தி வருவோர் யாவர்? பணியினின்று ஓய்வுபெற்ற ஆசிரியர், அஞ்சற்காரர், இல்லத்தரசியர் போன்ற எளிய ஊராரே. அவர் புதர் வெட்டுவர், வடிகால் தோண்டுவர், கைகாட்டி நடுவர், நடைவழியைக் குறிக்கும் மஞ்சள் அம்பினைப் பொருத்துவர். முதியோர் ஏறமாட்டாத கடவையை எடுத்துவிட்டு, உழவர் இசைவோடு சிறுவாயில் அமைப்பர்.

1555ஆம் ஆண்டில் அந்நாட்டரசு, ஒவ்வொரு கோயிற்பற்றினரும் ஆண்டுக்கு 4 நாள் சாலைப்பணி செய்தல் வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. 1563இல் அது 6 நாளாயிற்று. மக்கள் வெறுத்த அக்கட்டாய உழைப்பு 1835இல் ஒழிந்தது. அன்று சட்டத்திற்கு அஞ்சிச் செய்ததை இன்று ஊர்ப்பற்றால் செய்கின்றனர். கட்டாயத்தால் வாரா உழைப்பு, தமதென்னும் உணர்வால் வருகின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வழித்தரையில் முளைப்பதை நீக்குவது மாவட்ட மன்றத்தின் கடமை. வேலியினின்று வழிமேற் சாய்வதை வெட்டுவதும் கடவையைச் செப்பனிடுவதும் நிலத்தாரின் கடமை. ஊர்மன்றம் விரும்பின் வழிபேணலாம் என்னும் அதே 1980ஆம் ஆண்டுச் சட்டம், அதனால் மாவட்ட மன்றத்தின் கடமை குறையாது என்றும் தெளிவாகக் கூறுகின்றது. 2010க்குப் பின் நடுவணரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் பணத்தைப் பெரிதும் குறைத்தது. "தொண்டர் உள்ளனரே, நமக்கென்ன செலவு?" என்னும் எண்ணம் தலைதூக்க இது வாய்ப்பாயிற்று. இது தொண்டைப் போற்றுதலன்று, தொண்டரைச் சுரண்டுதலே. தொண்டர் இல்லாத ஊரில் வழி என்னாகும்? அவர் மூப்படைந்து ஓய்ந்தபின் என்னாகும்?

அதற்காகத் தொண்டர் அரிவாளைக் கீழே போடுக என்று சிலர் கூறுவர். அது நோயாளியைப் பட்டினியிட்டு மருத்துவரைத் திருத்துவது போன்றது. வழி மூடின் முதலில் இழப்பவர் ஊராரே. ஒரு கையில் அரிவாள், மறு கையில் சட்டம் என்பதே தக்க நெறி. பழுதுற்ற வழியைச் சீர்செய்க என மாவட்ட மன்றத்துக்கு அறிவிப்புக் கொடுக்க எவர்க்கும் உரிமையுண்டு. செய்யாவிடின் முறைமன்றத்தின் ஆணை பெறலாம். வயலின் குறுக்கே செல்லும் வழியை உழுதவர், முதலுழவுக்குப்பின் 14 நாட்களுக்குள் அதனை மீளச் சீராக்க வேண்டுமென 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. இவற்றை அறிந்த தொண்டரே முழுமையான காவலர்.

படத்தில் ஏறாத பழவழிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றைப் பதிவதற்கு 2026 சனவரி முதல் நாளை இறுதியாக்கியது 2000ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் அவ்வரம்பு பின்னர் 2031க்குத் தள்ளப்பட்டது. அதனை நீக்கப்போவதாக 2024 திசம்பரில் அரசு அறிவித்தது. இதற்கிடையே 2020இல் தொண்டர் பல்லாயிரவர் பழம்படங்களைப் புதுப்படங்களோடு ஒப்பிட்டு, விடுபட்ட வழிகள் 49,000 கல்லுக்கு மேலிருக்கலாம் எனக் கண்டனர். இப்பணியையும் அரசு செய்யவில்லை, மக்களே செய்தனர்.

நடவாத வழி புதராகும். கேளாத உரிமை பழங்கதையாகும். ஊரார் நடக்கட்டும், வெட்டட்டும், கடமைப்பட்டோரைத் தட்டியும் கேட்கட்டும். இம்மூன்றும் ஒருங்கு நிகழும் ஊரில் எவ்வேலியும் வழியை மறைக்க ஒல்லாது.