வரைகலை இயக்கிகள்: ஏன் இத்தனை பொதிகள், ஏன் இத்தனை பெயர்கள்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் அதில் கணினிகள் கிடைத்தன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் 'டெபியன்' லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. பழைய கணினி ஒன்றில் புதிய லினக்ஸை நிறுவும்போது சிலருக்குத் திரை மங்கலாகவோ கறுப்பாகவோ நின்றுவிடுகிறது. தீர்வு தேடினால் ஒரே மாதிரி தோன்றும் பத்து இயக்கிப் பொதிகளின் பெயர்கள் எதிரே வருகின்றன. எதை நிறுவுவது? இதற்கு விடை காண, அந்தப் பெயர்கள் எப்படி உருவாயின என்று தெரிய வேண்டும்.

லினக்ஸின் கர்னல் என்னும் மையப் பகுதியோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தருவதை வழங்கல் என்கிறோம். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவை வழங்கல்கள். மென்பொருள்கள் இவற்றில் பொதிகளாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பெயர், ஒரு பதிப்பு எண், தனக்குத் தேவையான பிற பொதிகளின் பட்டியல் ஆகியவை உண்டு.

திரைக்குப் படம் வரையும் சில்லைக் கையாளும் மென்பொருள் வரைகலை இயக்கி. அதை ஒரே பொருள்போல் பேசினாலும் அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, கர்னலோடு இணைந்து சில்லுக்கு நேரடியாகக் கட்டளையிடும் பகுதி. இரண்டாவது, சில்லுக்குள்ளேயே ஏற்றப்படும் சிறு நிரலான ஃபர்ம்வேர். மூன்றாவது, விளையாட்டும் உலாவியும் படம் வரைய அழைக்கும் நூலகங்கள். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு இந்த நூலகங்களைத் தருவது 'மெசா' என்னும் கட்டற்ற மென்பொருள்.

இவற்றைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரிப்பதற்கு முதல் காரணம் உரிமம். மெசாவின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஃபர்ம்வேர் பெரும்பாலும் அப்படியல்ல. அதனால் டெபியன் அதை நீண்ட காலம் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்திருந்தது. வழக்கமான நிறுவல் வட்டில் அது இருக்காது; புதிய பயனர்கள் திண்டாடினார்கள். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறையில் உள்ளது.

இரண்டாவது காரணம் அளவு. இன்டெல் சில்லு மட்டும் உள்ள கணினிக்கு மற்ற நிறுவனங்களின் கோப்புகள் தேவையில்லை. மூன்றாவது காரணம் வேகம். கர்னல் ஒரு கால அட்டவணையில் மாறுகிறது, மெசா வேறொன்றில் மாறுகிறது. தனிப் பொதிகளாக இருந்தால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைப் புதுப்பிக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. என்விடியா தன் சில்லுகளுக்குத் தானே இயக்கி தருகிறது. அதன் கர்னல் பகுதியும் நூலகங்களும் ஒரே பதிப்பு எண்ணில் இருந்தாக வேண்டும். எண் மாறினால் இயக்கி வேலை செய்யாது. ஆகவே வழங்கல்கள் இரண்டையும் வெவ்வேறு பொதிகளில் வைத்தாலும், ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்று பட்டியலில் கட்டுப்பாடு எழுதுகின்றன.

பெயரிடுவதில் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 'என்விடியா-டிரைவர்' என்ற பெயர் நிலையானது, உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். புதிய பதிப்புகள் காலப்போக்கில் பழைய சில்லுகளைக் கைவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு உதிரிபாகம் வாங்கும்போது நிறுவனப் பெயர் மட்டும் போதாது; மாடலும் குதிரைத்திறனும் சொல்ல வேண்டும். இயக்கிக்கும் சில்லின் தலைமுறை தெரிய வேண்டும். அதனால்தான் டெபியன் பழைய சில்லுகளுக்கு 'என்விடியா-லெகசி-390எக்ஸ்எக்ஸ்-டிரைவர்' என எண்ணோடு தனிப் பொதி வைத்தது. உபுண்டுவோ 'என்விடியா-டிரைவர்-470', 'என்விடியா-டிரைவர்-535' என எல்லாப் பெயரிலும் எண்ணைச் சேர்க்கிறது. முதல் முறையில் பெரும்பாலோருக்கு ஒரே பெயர் போதும். இரண்டாவது முறையில் பதிப்பு பொதுவாகத் தானாகத் தாவாது. தேர்வு பயனர் கையில் இருக்கும்.

பொதுப்படையான பெயரும் குழப்பும். டெபியன் 12இல் இன்டெல் வரைகலைக்கான ஃபர்ம்வேர் 'ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ' என்ற பலசரக்குப் பொதிக்குள் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்து அதற்குள் இன்டெல் கோப்பு இருப்பதை யாரும் ஊகிக்க முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அது பிரிக்கப்பட்டு, 'ஃபர்ம்வேர்-இன்டெல்-கிராபிக்ஸ்', 'ஃபர்ம்வேர்-என்விடியா-கிராபிக்ஸ்' என்ற தெளிவான பெயர்கள் வந்தன.

பெயர் மாறும்போது பழைய பெயரில் ஒரு வெற்றுப் பொதியைச் சில காலம் விட்டுவைப்பது வழக்கம். அது புதிய பொதியைக் கேட்டு வாங்கும். எனவே பழைய குறிப்பைப் பார்த்து நிறுவுபவருக்கும் சரியானது கிடைக்கும். பின்னர் அது நீக்கப்படும்போது, பழைய வழிகாட்டிகள் பயனற்றுப் போகின்றன.

பிரிப்பதும் சேர்ப்பதும் ஒவ்வொரு வழங்கலின் நோக்கத்தைப் பொறுத்தவை. பராமரிப்பவருக்கு நுண்ணிய பிரிவுகள் உதவும். பள்ளி மாணவருக்கோ ஒரே ஒரு பொதியை நிறுவினால் தேவையானவை எல்லாம் வந்து சேர வேண்டும். தேவைகளின் பட்டியலை மட்டுமே சுமக்கும் பொதிகளால் இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும். பழைய கணினிகள் நிறைந்த நம் மாவட்டங்களுக்கு லினக்ஸ் தருபவர்கள், எந்தப் பொதி எந்தத் தலைமுறைச் சில்லுக்கு உரியது என்பதைப் பொதியின் விளக்கத்தில் தமிழிலும் எழுதி வைக்கலாம். அதற்கு ஆகும் உழைப்பு கொஞ்சம்தான். ஒரு மாணவரின் கணினி இன்னும் சில ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்க அது போதுமானதாக இருக்கலாம்.