மதிலுக்கு வெளியே நின்றவர்கள்

கோட்டை என்றதும் கொடியும் கொத்தளமும் குதிரைப் படையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கட்டிய மன்னன் யார், கட்டிய ஆண்டு எது என்னும் இரு வினாக்களுக்கு விடை எழுதினால் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், அந்த மண்ணில் அதற்கு முன் வாழ்ந்தவர் யார்? கோட்டைக் கதவு சாத்தப்பட்டபோது வெளியே நின்றவர் யார்? இவ்வினாக்களைக் கேளாதவரை நாம் கற்பது பாதி வரலாறே என்பது எங்கள் கருத்து. வேல்ஸ் நாட்டின் வட கடலோரத்தில் உள்ள கான்வி என்னும் சிறிய கோட்டை நகரமே இதற்குச் சான்று.

1283ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு வேல்ஸை வென்று இவ்விடத்தைக் கைப்பற்றினார். சவோய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்னும் தலைமைக் கொத்தனாரின் மேற்பார்வையில் நான்கே ஆண்டுகளில் கோட்டையும் நகர மதிலும் எழுந்தன. செலவு ஏறத்தாழ 15,000 பவுன். எட்டுப் பெருங்கோபுரங்கள் கொண்ட கோட்டை. 21 கோபுரங்களும் மூன்று வாயில்களும் கொண்டு 1.3 கிலோ மீட்டர் நீளும் மதில். இவை இன்றும் நிற்கின்றன. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டன.

இதுவரை பாடநூல் சொல்லும். இனி அது சொல்ல மறந்ததைக் காண்போம். அவ்விடம் வெற்று நிலமாக இருக்கவில்லை. அங்கே சிஸ்தர்சியன் துறவியரின் மடம் இருந்தது. வேல்ஸ் மக்கள் போற்றிய மாமன்னர் லிவெலின் 1240இல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். எட்வர்டோ துறவியரை மேனான் என்னும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, மடத்துக் கோயிலைப் புது நகரின் பங்குக் கோயிலாக்கினார். நகருரிமை ஆங்கிலேயக் குடியேற்றத்தாருக்கே உரியதாயிற்று. மண்ணின் மைந்தர் தம் மண்ணிலேயே அயலாராயினர்!

இத்தனை வலிய மதில் உள்ளே இருந்தவர்களையேனும் காத்ததா? 1294ஆம் ஆண்டில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் குளிர்காலத்தில் எட்வர்டே தாம் கட்டிய கோட்டைக்குள் உணவுக் குறைவோடு அடைபட்டுக் கிடந்தார். 1399இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் இங்கே தங்கினார். தீங்கு நேராது என்று எதிரியின் தூதர் செய்த சத்தியத்தை நம்பிக் கோட்டையை விட்டு வெளியேறியவர், வழியிலேயே பிடிபட்டு அரியணையை இழந்தார். 1401ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று காவலரில் பெரும்பாலோர் கோயில் வழிபாட்டுக்குச் சென்றிருந்தனர். அவ்வேளையில் ரீஸ், குவிலிம் என்னும் வேல்ஸ் உடன்பிறந்தாரின் ஆட்கள் தச்சரைப் போல் நடித்து உள்ளே நுழைந்து கோட்டையைப் பிடித்தனர். பீரங்கியால் அன்று, ஒரு தச்சன் வேடத்தால் வீழ்ந்தது அக்கோட்டை!

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. அவ்விருவரின் சகோதரர் வழிவந்த ஏழாம் ஹென்றியே 1485இல் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்தார். யாரை அடக்க மதில் எழுந்ததோ, அவர்கள் குலத்துக்கே மணிமுடி சென்றது. 1665இல் கோட்டைக் கூரையின் ஈயமும் மரமும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று அது வானமே கூரையாக நிற்கிறது. நகரின் அறிவிப்புப் பலகைகளிலோ வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அருகருகே விளங்குகின்றன. நகரின் நடுவே லிவெலினின் சிலை நிற்கிறது.

அதனால் கோட்டையை இடித்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டியவரின் திறமை போற்றத்தக்கதே. ஆயினும் கல்லின் பெருமையை எழுதும் அதே பக்கத்தில், இடம் பெயர்ந்த துறவியரையும் வெளியே நிறுத்தப்பட்ட குடிகளையும் எழுத வேண்டும். அதுவே நீதியுள்ள வரலாறு.

தோழியரே! மதில்கள் கல்லால் மட்டுமா எழுகின்றன? ஆங்கிலம் சரளமாகப் பேசுவோர் ஒரு வட்டமாகவும், பேசத் தயங்குவோர் தனியாகவும் அமர்ந்து உண்ணும் பள்ளிகள் இல்லையா? ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த மாணவி யாருடன் அமர்வது என்று தெரியாமல் சோற்றுப் பாத்திரத்துடன் நிற்பதில்லையா? அவளுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு பேச்சு உண்டு, நமக்குத் தெரியாத ஒரு கதை உண்டு. அவளை அருகே அழைப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எழுநூறு ஆண்டு கடந்த கான்வியின் மதில் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. வாயிலைத் திறந்து வைப்போம், வாரீர்!