மணி ஒலித்த பிறகு எரிந்த நகரம்

2019 மே 20, திங்கட்கிழமை. விசாக தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதால் மறுநாள் விடுமுறை. காலை 9 மணிக்கெல்லாம் என் அண்ணன் மகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட்டாள். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளியேறும் 'கேம் ஆஃப் துரோன்ஸ்' தொடர், அதே நொடியில் நமக்குத் திங்கட்கிழமைக் காலை நிகழ்ச்சி. எட்டுப் பருவங்கள் ஓடிய தொடரின் 73ஆவது பகுதி; இறுதிப் பகுதி. முடிந்து எழுந்து வந்தவளின் முகம் சிவந்திருந்தது. அழுகையா, கோபமா என்று எனக்கு விளங்கவில்லை.

"ஏமாத்திட்டாங்க, சித்தப்பா" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதனைச் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "இல்லாத ஊரில் இல்லாத இராணி செத்ததற்கு நம் வீட்டுப் பிள்ளைகள் கண்ணீர் விடுகிறார்களா?" என்றார். நானும் உடன் சேர்ந்து சிரித்தேன். அவ்வாறு சிரித்தது இன்றளவும் உறுத்துகிறது. இல்லாத கோவலனுக்காகவும் இல்லாத கர்ணனுக்காகவும் கண் கலங்கக் கற்றுக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்!

பிறகு நானும் அத்தொடரை முதலிலிருந்து பார்த்தேன். (இது பள்ளிப் பிள்ளைகள் பார்க்கத்தக்க தொடர் அன்று. வன்முறையும் ஆபாசமும் மிகுதி. பெற்றோர் கவனத்திற்கு இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவை அறிய விரும்பாதோரும் இங்கேயே நின்றுகொள்வது நலம்.) பார்த்து முடித்தபின் என் கருத்து இதுதான்: இரசிகர்களின் கோபம் முழுக்க நியாயமானது. அந்தக் கோபத்தில் அவர்கள் விடுத்த கோரிக்கை நியாயமானதன்று. அக்கோபத்திற்குள் அவர்கள் பேச விரும்பாத ஒன்றும் ஒளிந்திருக்கிறது.

முதலில் கோபத்தின் நியாயத்தைப் பார்ப்போம்.

ஜியார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையின் முதல் தொகுதி 1996இல் வெளிவந்தது. அதனை டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் எச்பிஓ நிறுவனத்திற்காகத் தொடராக்கினர். 2011இல் முதற் பருவம். அதன் ஒன்பதாம் பகுதியிலேயே கதைநாயகன் என்று எல்லாரும் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்பட்டது. கதைநாயகனைப் பாதியில் கொல்வார்களா என்று மக்கள் திகைத்தார்கள். ஆனால் அச்சாவிற்குக் காரணம் இருந்தது. அரசி செர்சியின் இரகசியத்தைக் கண்டறிந்தவர், அவளுடைய பிள்ளைகள்மேல் இரக்கங்கொண்டு, தாம் அறிந்ததை அவளிடமே சொல்லி, ஓடிப் பிழைத்துக்கொள் என்று அவகாசம் கொடுத்தார். அந்த அவகாசத்தில் அவள் ஓடவில்லை, அவரை வீழ்த்தினாள். நல்லவர் என்பதற்காகக் கதை அவரைக் காப்பாற்றவில்லை.

2013 ஜூன் 2இல் ஒளியேறிய 'சிவப்புத் திருமணம்' இன்னும் கொடியது. நெட்டின் மகன் ராப், ஒரு பிரபுவின் மகளை மணப்பதாக வாக்களித்துவிட்டு வேறொருத்தியை மணந்தான். அந்த வாக்குப் பிழைக்கு விருந்து மண்டபத்திலேயே விலை கொடுத்தான். தாயும், கருவுற்ற மனைவியும் உடன் மாண்டார்கள். இந்தப் படுகொலை இடம்பெறும் நூல் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆகவே, படித்தவர்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? தெரியாத நண்பர்களின் எதிரே நிழற்படக் கருவியை மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள்! வாயைப் பொத்திக்கொள்வோர், தலையணையை வீசுவோர், எழுந்து அறையை விட்டே ஓடுவோர் என்று அந்தக் காட்சிகள் உலகெங்கும் பரவின. கொஞ்சம் குரூரம்தான். ஆயினும், அந்தப் பார்வையாளர்கள் எவரும் "இது பொய்" என்று சொல்லவில்லை. "ஐயோ" என்றுதான் அலறினார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

செய்த வினைக்கு விளைவு உண்டு; யாருக்கும் விலக்கு இல்லை. இந்த ஒரு விதியை அத்தொடர் தன் பார்வையாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியது. பாடம் நன்றாகவே பதிந்தது. ஒரு சொல், ஒரு பார்வை, ஒரு மோதிரம் என எதையும் அவர்கள் தவறவிடவில்லை. 2015இல் ஜோன் ஸ்னோ குத்துண்டு இறந்தபோது, அந்த நடிகர் இன்னும் முடி வெட்டாமல் இருக்கிறாரே, ஆகவே அவன் மீண்டும் வருவான் என்று கணித்தவர்கள் அவர்கள். மறு ஆண்டே அவன் உயிர்த்தெழுந்தான்! இப்படிப்பட்ட மாணவர்களை உருவாக்கிவிட்டு, இறுதித் தேர்வில் ஆசிரியரே விதியை மறந்தால் வகுப்பு சும்மா இருக்குமா?

நிற்க. டெனேரிஸிடம் வருவோம்.

அண்ணனால் விற்கப்பட்ட சிறுமியாக அறிமுகமாகி, மூன்று வேதாளநாகங்களுக்குத் தாயாகி, அடிமைகளின் விலங்கை உடைத்தவள் டெனேரிஸ் தார்கேரியன். எமிலியா கிளார்க் ஏற்ற வேடம். அவளுடைய பட்டப்பெயர் 'கலீசி'. கற்பனை மொழியொன்றில் தலைவனின் மனைவி என்று பொருள்படும் சொல். 2018இல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. கதை முடியும் முன்பே!

இதில் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் குந்தவை என்றும் வானதி என்றும் பெயரிட்ட இனம்தான் நாமும்.

2019 மே 12இல் ஒளியேறிய ஐந்தாம் பகுதியில் டெனேரிஸ் தலைநகரை முற்றுகையிடுகிறாள். மதிற்படைகள் சிதறுகின்றன. சரணடைந்தோம் என்பதற்கு அடையாளமாக நகரத்து மணிகள் ஒலிக்கின்றன. வெற்றி கைக்கு வந்துவிட்டது. அதன்பின் அவள் வேதாளநாகத்தை உயர எழுப்பி, தெருத்தெருவாக, வீடுவீடாக, குழந்தைகளோடு சேர்த்து அந்நகரத்தை எரிக்கிறாள். அடுத்த வாரம் காதலனான ஜோன் ஸ்னோவின் கையாலேயே மாள்கிறாள்.

ஒரு பெண் நகரத்தை எரிப்பது தமிழ் படித்தவனுக்குப் புதிதன்று. மதுரையும் எரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்ணகி எரித்ததும் வெற்றி பெற்ற பிறகுதான். சிலம்பு உடைந்து, மாணிக்கம் தெறித்து, பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து உயிர் விட்ட பின்னர்தான் தீ வருகிறது. நீதி கிடைத்த பிறகு ஏன் எரித்தாள் என்று நாம் கேட்கலாம். வகுப்பில் கெட்டிக்கார மாணவர்கள் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் இளங்கோ அந்தக் கேள்விக்கு அஞ்சி ஓடவில்லை. வழக்குரைத்ததற்கு ஒரு காதை; அவள் வஞ்சினம் உரைப்பதற்கு இன்னொன்று; தீப் பரவுவதற்கு வேறொன்று; மதுரையின் தெய்வமே அவள் எதிரில் வந்து பழவினையைச் சொல்வதற்கு மற்றொன்று. தீக்கடவுள் வந்து யார் யாரை விட்டுவிடுவது என்று கேட்க, முதியோரையும் குழந்தைகளையும் பிறரையும் விலக்கச் சொல்கிறாள் கண்ணகி. எரியும் நேரத்திலும் அவள் முகத்தைவிட்டுப் புலவரின் கண் அகலவில்லை.

அந்தத் தொடரில் என்ன நடந்தது தெரியுமா? மணி ஒலிக்கும்போது டெனேரிஸின் முகத்தைச் சில நொடிகள் காட்டுகிறார்கள். அவள் மேலெழுந்த பிறகு, அப்பகுதி முடியும்வரை அம்முகம் மீண்டும் வரவேயில்லை. கீழே ஓடும் மக்களையும் தீயையும் சாம்பலையும் காட்டுகிறார்கள். பாமர மக்களின் துன்பத்தைக் காட்டுவதற்காகவே அவ்வாறு செய்தோம் என்று வாதிடலாம்; அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எட்டுப் பருவங்கள் உடன் நடந்த ஒருத்தியின் வாழ்வில் ஆகப்பெரிய தீர்மானத்தின்போது எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்களே என்று இரசிகர்கள் குமுறியது தவறா?

அவசரமும் ஒரு காரணம். முதல் ஆறு பருவங்களுக்கும் தலா பத்துப் பகுதிகள், ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறே ஆறு. நீட்டிக்க நிறுவனம் ஆயத்தமாக இருந்தும் படைப்பாளர்கள் இருவரும் வேண்டாமென்றனர். கைகொடுக்க மூலநூலும் இல்லை. மார்ட்டினின் ஐந்தாம் தொகுதி 2011இல் வந்தது. 2019இல் தொடர் முடிந்தபோது ஆறாம் தொகுதி வெளிவந்திருக்கவில்லை. நம்பிக்கைக்குரிய ஜோரா, தோழி மிசாண்டே, இரண்டாவது நாகம், ஜோனின் காதல் என்று அவள் இழந்த அத்தனையும் மூன்றே வாரங்களில் அள்ளிக் கொட்டப்பட்டன. அத்தனையும் சரியான காரணங்கள்தாம். ஆனால் நடவு முடிந்த மறுநாளே அறுவடை செய்தால் எப்படி?

பிரானை அரசனாக்கியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவனைவிடச் சிறந்த கதை யாருக்கு உண்டு என்று சபையில் ஒருவர் கேட்பார். ஐந்தாம் பருவம் முழுவதும் அவனைக் காட்டவே இல்லை என்பதை எழுதியவர்கள் மறந்திருக்கலாம், பார்த்தவர்கள் மறக்கவில்லை.

இனிக் கோரிக்கைக்கு வருவோம். எட்டாம் பருவத்தைத் திறமையான எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு மனு உருவாயிற்று. கையொப்பங்கள் சில நாள்களில் பத்து இலட்சத்தை எட்டி, பின்னர் 18 இலட்சத்தையும் தாண்டின. என் அண்ணன் மகளும் கையொப்பமிட்டாள். நிறுவனம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது உட்பட 12 விருதுகள் அதே பருவத்திற்குக் கிடைத்தன.

மனுவை நான் ஏற்கவில்லை. கதை என்பது கடையில் வாங்கிய மின்விசிறி அன்று, ஓடவில்லை என்று திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்வதற்கு. கேட்பவன் "இது நம்பும்படி இல்லை" என்று சொல்லலாம், உரக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "மாற்றி எழுது" என்பது வேறு. அப்படி எழுதப்படும் கதையில் இனி எந்த நெட் ஸ்டார்க்கும் சாகமாட்டார்.

படைப்பாளர்களுக்கும் கடமை உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1954இல் முடிந்தபோது, கதை திடீரென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. ஆனால் முடிவுரை ஒன்று எழுதி, அவர்களுக்கு மறுமொழி சொல்லி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வையும் கோடிட்டுக் காட்டினார். பெனியாஃபும் வைஸும் 2019 ஜூலையில் சான் டியேகோவில் இரசிகர்களைச் சந்திக்கவிருந்த மேடையிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

கடைசியாக, இரசிகர்கள் பேச விரும்பாத அந்த ஒன்று. மூன்றாம் பருவத்தில் டெனேரிஸ் அடிமை வணிகனைத் தன் நாகத்தின் தீயால் எரித்து, அந்நகரத்து எசமானர்களைக் கொல்ல ஆணையிட்டபோது உலகமே கைதட்டியது. மீரீன் நகரில் 163 எசமானர்களைக் கம்பங்களில் அறைந்தாள். அவர்களுள் அக்கொடுமையை எதிர்த்துப் பேசியவரும் ஒருவர் இருந்தார் என்று அவருடைய மகன் வந்து சொன்னான். நாம் அதைக் கேட்டோம், கடந்து போனோம். ஏழாம் பருவத்தில் மண்டியிட மறுத்த தந்தையையும் மகனையும் எரித்தபோதும் "போர் என்றால் அப்படித்தான்" என்றோம். நானும்தான். எல்லா முடிவும் தெரிந்த பிறகு, தனியாக அமர்ந்து பார்த்தவன் நான். அப்படியிருந்தும் அந்த மூன்றாம் பருவக் காட்சியில் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இதனை அண்ணன் மகளிடம் சொன்னேன். "அவள் தீ வைத்ததெல்லாம் கெட்டவர்களுக்கு என்று யார் உனக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

நெடுநேரம் யோசித்தாள். "அவதான் சொன்னா, சித்தப்பா" என்றாள். பிறகு, "அப்படின்னாலும் அவ மூஞ்சியக் காட்டியிருக்கணும்" என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இனி அந்த உலகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அன்று சூளுரைத்தவள் அவள். 2022 ஆகஸ்டில் அதே உலகத்தின் முற்காலக் கதையாக 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடங்கியது. முதல் நாள் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். இங்கே திங்கட்கிழமைக் காலை 9 மணிக்கு அவளும் பார்த்தாள். "இந்தத் தடவ யாரையும் நம்பமாட்டேன், சித்தப்பா" என்று செய்தி அனுப்பினாள்.

மூன்றாம் வாரமே இளவரசி ரெனீராவின் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.