நாலு வரி கோடு போதாது

இணையக் கடைகளுக்குப் பேமென்ட் வசதி சேர்த்துத் தரும் டெவலப்பர்களிடம் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது: "பேமென்ட் கேட்வே கொடுக்கும் நாலு வரி கோடை ஒட்டினால் போதும். ஆத்தரைசேஷன், கேப்சர், செட்டில்மென்ட் எல்லாம் அக்கவுன்ட்ஸ்காரர் பாடு." இதை நான் ஏற்கவில்லை. ஒப்புதல், வசூல், கடைக்காரர் கணக்கில் சேர்ப்பு என்று வாங்குபவரின் பணம் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் சொற்கள் அவை. அது தெரியாமல் எழுதிய கோடு யாரோ ஒருவரின் காசை அந்தரத்தில் விட்டுவிடும்.

"சக்சஸ் பக்கம் வந்தால் பணம் வந்தாயிற்று" என்பார்கள். ஒருவர் மொபைலில் 500 ரூபாய்க்கு ஆர்டர் போடுகிறார். யூபிஐ செயலிக்குப் போய்ப் பின் நம்பரை அழுத்துகிறார்; பணம் கழிகிறது. அதற்குள் பிரவுசர் மூடிக்கொள்கிறது. அந்தப் பக்கத்தை மட்டுமே நம்பிய தளத்தில் ஆர்டர் பெண்டிங்கிலேயே கிடக்கும். அவர் மறுபடியும் கட்டுவார். இதற்காகத்தான் வெப்ஹுக் இருக்கிறது. பிரவுசர் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் கேட்வேயின் சர்வர் நம் சர்வருக்கு நேரடியாகச் சேதி அனுப்பும். அந்தச் சேதியின் கையொப்பத்தைச் சரிபார்க்காவிட்டால், பணமே கட்டாத ஒருவர் 'கட்டியாயிற்று' என்று போலியாக அனுப்பிப் பொருளை வாங்கிப்போக முடியும். ஒரே சேதி இரண்டு முறை வருவதும் உண்டு. முன்பே வந்ததுதானா என்று பார்க்காத கோடு, ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல் அனுப்பும். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவரால் இதைக் கண்டுபிடிக்க முடியும், தடுக்க முடியாது.

கேப்சர் விஷயமும் அப்படித்தான். ஆத்தரைசேஷனில் வங்கி பணத்துக்கு ஒப்புதல் தருகிறது, அவ்வளவே; அதை வசூலிப்பதுதான் கேப்சர். ரேஸர்பே என்ற கேட்வேயில் உரிய காலத்துக்குள் கேப்சர் செய்யாத தொகை வாங்கியவருக்கே திரும்பிவிடும். பொருளை அனுப்பிவிட்ட கடைக்காரர் என்ன செய்வார்? அங்கே தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும் என்பதும் டெவலப்பர் அறிய வேண்டியதே: 500 ரூபாய்க்கு 50000. ஆனால் ஸ்ட்ரைப் என்ற கேட்வேயில் ஜப்பானிய யென்னை நூறால் பெருக்கக் கூடாது; பைசா போன்ற சில்லறை அலகு அதற்குப் புழக்கத்தில் இல்லை.

"கார்டு எண்ணை நம் டேட்டாபேஸில் வைத்தால் அடுத்த முறை சுலபம்" என்ற வாதத்துக்கு இந்தியாவில் இடமே இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, அந்த எண்ணுக்குப் பதிலாக வரும் டோக்கன்தான் வழி. ஆத்தரைசேஷன் முடிந்தபின் கார்டின் ரகசிய எண்ணான சிவிவியை எங்குமே வைக்கக் கூடாது என்கிறது கார்டுப் பாதுகாப்புக்கான பிசிஐ தரநிலை. பிழை தேடுவதற்காக எழுதும் லாக் ஃபைலும் அதில் அடக்கம்.

கேட்வேக்கள் வேலையை எளிதாக்கியது உண்மை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரைக்கும்தான் அந்த எளிமை. பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதி வராவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பெண்டிங் திரையில் அதைச் சொல்லி, "மறுபடி கட்ட வேண்டாம்" என்ற வரியையும் போட வேண்டியவர் டெவலப்பர்தான்.