'வட்டாரச் சமையல்' என்னும் சாதிப் பெயர்

தை பிறக்கும் வாரத்தில் தமிழ் இணையத்தில் ஒரு செல்லச் சண்டை தவறாமல் நடக்கும். பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள எது? தஞ்சாவூர்க்காரர் ஏழுகறிக் கூட்டு என்பார். ஏழு காய், இல்லாவிட்டால் ஒன்பது, பதினொன்று. எப்படியும் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். திருநெல்வேலிக்காரர், திருவாதிரைக் களிக்கு வைக்கும் தாளகத்தை இழுத்து வருவார். துவரம்பருப்பு, அரிசி, எள், மிளகாய் எல்லாம் வறுத்துத் தேங்காயோடு அரைத்து விட்ட குழம்பு அது. சிறுகிழங்கு இல்லாமல் ஒரு பொங்கலா என்றும் கேட்பார். எங்கள் விழுப்புரம் பக்கத்தில் மொச்சையும் பூசணியும் வள்ளிக்கிழங்கும் போட்டால் அது வெறும் 'பொங்கல் குழம்பு'. உருளைக்கிழங்கும் கேரட்டும் 'இங்கிலீஷ் காய்' ஆயிற்றே, சேர்க்கலாமா என்று ஒரு கிளைச் சண்டையும் உண்டு. கடைசியில் யாராவது 'இதுதான் நம் பன்முகத்தன்மை' என்று இதயக்குறி போட்டு முடித்துவைப்பார்கள்.

சண்டை சுவையானதுதான். எனக்குச் சிறுகிழங்கு கட்சி. ஆனால் இந்தச் சண்டையில் ஊர் பெயர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழர்களே. வெங்காயமும் பூண்டும் படாத, காயை ஒற்றைப்படையில் எண்ணிப் போடுகிற ஒரு கூட்டை 'தஞ்சாவூர்' என்று அழைக்கிறோம். தஞ்சாவூரில் அது யார் வீட்டு அடுப்பு? அக்ரகாரத்து அடுப்பு, மிஞ்சிப்போனால் சைவ வேளாளர் வீட்டு அடுப்பு. அந்த மண்ணில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பெண்களின் தெருவில் தைப் பிறப்பன்று என்ன கொதித்தது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூடுதலாகக் கொஞ்சம் நெல்லைக் கூலியாகக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம். அதுவும் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம்தான். அடுத்த மூன்று வாரத்தில் பொங்கல் வந்தது. தஞ்சாவூர்ச் சமையல் என்று தலைப்பிடுகிற எந்தப் பக்கத்திலும் அந்தத் தெருவின் பானைக்கு இடமில்லை.

கொங்குச் சமையலும் அப்படித்தான். தேங்காய், மல்லி, மஞ்சள், வெள்ளந்தியான மனிதர்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதே கொங்கு மண்ணில், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் 2018இல் தகராறு செய்தார்கள். அரிசியும் பருப்பும் அரசாங்கத்துடையவை, செய்முறையும் அரசாங்கத்துடையது. கரண்டி பிடித்த கை மட்டும்தான் அவருடையது. அந்தக் கை வைக்கிற குழம்புக்குக் 'கொங்கு' என்று யார் பெயர் வைப்பார்கள்?

ஆம்பூரின் கதை இன்னும் அப்பட்டமானது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணி கூடாதாம். எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று விளக்கம் கேட்டது. ஆம்பூர் என்கிற பெயர் வேண்டும். ஆம்பூர் மக்கள் சாப்பிடுவது வேண்டாம்.

மண்ணும் மழையும் வேறு, விளைச்சல் வேறு, அதனால் சமையலும் வேறு என்று நண்பர்கள் சொல்லலாம். உண்மைதான். மொச்சை மார்கழி, தையில் காய்ப்பதால்தான் பொங்கல் குழம்பில் மொச்சை விழுகிறது, அதற்கு எந்தச் சாஸ்திரமும் தேவையில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரே வயலில் பறித்த மொச்சை இரண்டு தெருவுக்குப் போனது. ஊர்த் தெருவில் அது சாம்பார்ப் பொடியும் வெல்லமும் சேர்ந்த குழம்பானது. காலனியில் என் ஆயா அந்த மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி, உப்புக்கண்டத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டார். நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிய மாட்டுக்கறி. முதலில் தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டி, நார் பிரிந்த பிறகுதான் பானையில் போடுவார். காய் ஏழா ஒன்பதா என்று அவர் எண்ணியதில்லை. அறுப்புக்குப் போன வீட்டில் என்ன காய் கொடுத்தார்களோ அதுதான் கணக்கு. ஒரு வருடம் பூசணிக்கீற்று மட்டும்தான் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்தக் குழம்புக்கும் இரண்டு பெயர் இருந்தது. வீட்டுக்குள் 'கண்டக் கொழம்பு'. பள்ளிக்கூடத்தில் பொங்கல் விடுமுறை முடிந்து யாராவது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் 'கருவாட்டுக் குழம்பு'. அம்மா சொல்லிக்கொடுத்த பெயர் அது. வாசனையை மறைக்க முடியாது, கருவாடு என்றால் நம்புவார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர் மாறுவதைப் பற்றி எத்தனை பேர் எத்தனை பக்கம் எழுதுகிறார்கள்! கேட்கிறவரின் சாதியைப் பார்த்துப் பெயர் மாறுவதை எந்த வட்டார வழக்கு அகராதியில் சேர்ப்பது?

மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015இல் வெளியிட்ட 'அன்ன ஹே அபூர்ணபிரம்ம' மராத்வாடாவின் உணவைப் பேசும் நூல்தான். ஆனால் அவர் மராத்வாடா என்கிற பெயரோடு நின்றுவிடவில்லை. மகர், மாங் சாதிகளின் அடுப்பு என்று வெளிப்படையாக எழுதினார். அன்னமே முழுமையான பிரம்மம் என்று ஓதுகிறவர்களுக்கு, எங்கள் அன்னம் அப்படி இல்லை என்று தலைப்பிலேயே பதில் சொன்னார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நான் தங்கியிருக்கும் விடுதியின் பொங்கல் விழாதான். எல்லா வட்டாரத்து உணவும் இருக்கட்டும் என்று முற்போக்கு மாணவர்களே ஒரு பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் ஒரு மாவட்டத்தின் பெயர். விழுப்புரத்துக்கு நேராக மொச்சைக் குழம்பு என்று இருந்தது. நான் உப்புக்கண்டத்தையும் சேர்க்கச் சொன்னேன். விழா பொதுவானது தோழர், எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. 2014இல் நடுவண் அரசு நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். மிச்சமிருக்கிற மூன்றுக்கும் குறைவான விழுக்காட்டின் இலைதான் 'பொது' இலையா என்று கேட்டேன். அப்படியானால் கோழி போடலாம் என்றார்கள். மாடு என்றதும் பேச்சு நின்றுபோனது. பட்டியலை எழுதியவருக்கு என் மேல் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் இல்லை, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு என்னோடு நின்று முழக்கம் போட்டவர்தான்.

அந்தப் பட்டியல் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அடுத்த தைக்குள் அதில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும் என்று விடுதிக் குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். மாவட்டத்துக்குப் பக்கத்தில் தெருவின் பெயரும் இருக்கட்டும். தஞ்சாவூர், அக்ரகாரம். விழுப்புரம், காலனி. அதன் பிறகு யாருடைய சமையல் சுவையானது என்று தாராளமாகச் சண்டை போடுவோம், நானும் வருகிறேன்.