பல்லிப் புரட்டு

சென்ற வாரம் திண்டிவனம் பஸ் நிலையத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர் வந்து, "அண்ணே, ஒரு அடிக்கு மேலே இருக்கிற பல்லிக்கு என்ன தீனி போடணும்? சோறு சாப்பிடுமா?" என்று கேட்டார். விசாரித்ததில் சங்கதி வெளிவந்தது. விழுப்புரத்துத் தரகர் ஒருவர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தோக்கே என்னும் பல்லியைத் தருவித்துத் தருவாராம். அதை நான்கு மாதம் வளர்த்து 400 கிராம் எடைக்குக் கொண்டுவந்துவிட்டால், எய்ட்ஸ் நோய்க்கு மருந்து செய்கிறவர்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். இதற்கு முன்பணம் 20,000 ரூபாய். வாலிபர் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய மீன் தொட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார்.

அவர் வீட்டுக்கும் போனோம். சுவரில் பஞ்சாங்கம் தொங்குகிறது. பல்லி தலையில் விழுந்தால் இன்ன கெடுதி, தோளில் விழுந்தால் இன்ன லாபம் என்று அதில் அட்டவணை இருக்கிறது. அவருடைய தாயார் போன மாதந்தான், மேலே பல்லி விழுந்த தோஷத்துக்காக வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் போய், வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தவர். "பல்லின்னா எனக்கு நடுக்கந்தான் தம்பி. ஆனா கடன் தீருமேன்னு பாக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

தோழர்களே! சற்று யோசித்துப் பாருங்கள். சுவரில் கத்தினால் பல்லி ஜோசியன். தலையில் விழுந்தால் எமன். தங்கத்தில் செய்து வைத்தால் பாவம் போக்கும் தெய்வம். தூர தேசத்திலிருந்து வந்தால் சர்வரோக நிவாரணி! இதில் எந்த இடத்திலாவது பல்லி பல்லியாக இருக்கிறதா?

தோக்கே என்பது வடகிழக்கு இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரையில் உள்ள காடுகளிலும் வீடுகளிலும் வாழும் பெரிய பல்லி. சாம்பல் நீல உடம்பில் செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். இரவில் ஆண் பல்லி "தோக்கே, தோக்கே" என்று உரக்கக் கத்தும். யாருக்கும் பலன் சொல்வதற்காக அல்ல. பெண்ணை அழைக்கவும், அடுத்த ஆணை எட்ட நிற்கச் சொல்லவுமே கத்துகிறது. நம் வீட்டுப் பல்லி கத்துவதற்கும் இதுபோன்ற காரணந்தானே ஒழிய, நம்முடைய கலியாணத்தையும் கருமாதியையும் பற்றி அதற்கு என்ன கவலை?

வளர்ப்பது என்றால் என்ன என்று அந்த வாலிபருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லுகிறோம். சட்டம் இடங்கொடுக்கும் தேசங்களில் இதை வளர்ப்பவர்கள், பல்லி ஏறிப் பழக மூன்றடி உயரக் கூண்டு வைத்து, மரப்பட்டையும் கிளையும் கட்டி ஒளிய இடம் செய்கிறார்கள். கூண்டின் ஒரு பக்கம் 30 டிகிரிக்குச் சற்று மேலும், மறு பக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்தால்தான் துளிகளை நக்கிக் குடிக்கும். ஈரம் குறைந்தால் உரித்த தோல் விரலைச் சுற்றி இறுகி, ரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும். தீனி சோறு அல்ல. உயிருள்ள பாச்சையும் கரப்பானும். அதிலும் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிப் போடாவிட்டால் எலும்பு வளைந்து தாடை தொய்ந்துபோகும். இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டால் கடித்துக்கொள்ளும். மனிதன் கையைப் பற்றினாலும் லேசில் விடாது. இப்படிப் பத்து வருஷத்துக்கு மேலும் பார்த்துக்கொள்ள வேண்டும்! விழுப்புரத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் மூடிய மீன் தொட்டி பல்லிக்கு வீடாகுமா, அடுப்பாகுமா?

நன்றாக வளர்ந்த தோக்கேகூட சாதாரணமாக 150 முதல் 300 கிராம்தான் இருக்கும். நான்கு மாதத்தில் 400 கிராம் என்பது, எப்படியும் எட்டாத எடையைச் சொல்லி, பிறகு "நீ சரியாக வளர்க்கவில்லை" என்று கைகழுவுவதற்கான தந்திரமே தவிர வேறல்ல.

மருந்து என்கிறார்களே, அது இன்னும் பெரிய அயோக்கியத்தனம். இந்தப் பல்லியால் எய்ட்ஸ் தீரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது என்று 2011ஆம் வருஷத்திலேயே பிலிப்பைன்ஸ் சர்க்கார் தம் மக்களை எச்சரித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். அதை அடக்கும் கூட்டு மருந்து 2004 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. தினந்தோறும் அதைச் சாப்பிட்டால் நீண்டநாள் வாழலாம். நிறுத்தினால் கிருமி மறுபடியும் பெருகும். ஒரு நோயாளி பல்லியை நம்பி மாத்திரையை நிறுத்தினால், சாவது பல்லி மட்டுமா?

சட்டமும் சும்மா இல்லை. 2019இல் தோக்கேயின் சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் வருஷத் திருத்தப்படி, அது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. 2025 ஏப்ரலில் அசாம் திப்ருகரில் 11 தோக்கேக்களோடு மூன்று பேர் பிடிபட்டார்கள். பல்லியைத் தொட்டியில் வைக்கும் ஏழைதான் அகப்படுவானே ஒழிய, முன்பணம் வாங்கிய தரகன் அகப்படுவானா?

இதையெல்லாம் கேட்ட வாலிபர் அங்கேயே தரகருக்குப் போன் போட்டார். எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. போலீசில் எழுதிக் கொடுக்கும்படி சொல்லிவிட்டு வந்தோம். பணம் திரும்புமோ திரும்பாதோ, அடுத்த வீட்டுக்காரனாவது தப்பலாமல்லவா?

நாம் புறப்படும்போது அந்த வீட்டுச் சுவரில் சாதாரணப் பல்லி ஒன்று விளக்கருகே பூச்சியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. கூண்டு கேட்கவில்லை, தீனி கேட்கவில்லை, காணிக்கையும் கேட்கவில்லை. "அம்மா, உங்கள் வீட்டுக்கு லாபம் தருகிற பல்லி அதுதான். அதை விரட்டாமல் இருந்தால் போதும்" என்றோம். அந்த அம்மாள் பஞ்சாங்கத்தை ஒருமுறையும் பல்லியை ஒருமுறையும் பார்த்தார். பஞ்சாங்கத்தைக் கழற்றுவாரோ மாட்டாரோ, அது அவர் அறிவுக்கு விட்ட விஷயம்.