கொத்தை எண்ணாத மெஷின்

‘பிளேட்லெட் 30,000’ என்று ரிப்போர்ட்டில் பார்த்ததுமே வீட்டில் பப்பாளி இலையைப் பிழிய ஆரம்பித்துவிடுகிறார்கள். டெங்குவில் தட்டணு நிஜமாகவே குறையும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்மியர் யாராவது பார்த்தாங்களா? லேப் டெக்னீசியனாக நான் கேட்பது அவ்வளவுதான்.

ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் ஈடிடிஏ, சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்தக் கொத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது. லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடின் ஓரத்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகக் கிடக்கும். சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, கிடைக்கிற எண்ணை 1.1ஆல் பெருக்கினால் பெரும்பாலும் சரியான கணக்கு வந்துவிடும்.

“ஒவ்வொண்ணையும் பாத்துட்டிருந்தா கட்டுப்படியாகுமா?” என்கிறார்கள் லேப் முதலாளிகள். ஒவ்வொன்றையும் யார் பார்க்கச் சொன்னது? திடீர்னு குறைஞ்சதையாவது பாருங்க. அதுக்கும் முடியாதுன்னா, போர்டுல எதுக்கு மைக்ரோஸ்கோப் படம்?